கார்வரின் பேக்கரிக் கதை: வெட்டியதை வாசிப்பதா, முழுதை வாசிப்பதா?

தறிச்சத்தம் (அம்மாபேட்டை, சேலம்)

வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடிக் கதை வாசிப்போம். எல்லாரும் தெருக்காரர்கள்தான். தறி நெய்கிற இரண்டு பேர், ஓர் அங்கன்வாடி டீச்சர், கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், என் அம்மா, இப்படி. ஆங்கிலக் கதை என்றால் நான் முன்னாடியே படித்துத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பேன். இந்த முறை ரேமண்ட் கார்வர். ஒரே கதை இரண்டு உருவத்தில் இருக்கிறது. எதை எடுப்பது என்று பத்து நாளாக முடிவுக்கு வர முடியவில்லை.

கார்வரை ஏன் எடுத்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1938இல் ஆரிகன் மாநிலத்தில் பிறந்து வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா ஊரில் வளர்ந்தவர். அப்பாவுக்கு மரம் அறுக்கும் மில்லில் வேலை. மரம் அறுக்கிறவர் இல்லை. அறுக்கிற வாள்களின் பல்லைத் தீட்டிக் கொடுக்கிறவர். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தவர். கடைசி வருடங்களில் தறியில் உட்கார முடியாமல் போனபோது, மற்றவர்கள் தறிக்குப் பாவு பிணைத்துக் கொடுக்கப் போவார். விரலைச் சாம்பலில் தொட்டுக்கொண்டு, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியைச் சேர்த்து ஒரு முறுக்கு. அப்புறம் அடுத்த இழை. இப்படி ஆயிரக்கணக்கான இழை. கண்ணைவிட விரலுக்குத்தான் அந்த வேலை தெரியும் என்பார். நெய்த வேட்டியில் நெய்தவர் பேரே இருக்காது. பாவு பிணைத்தவர் பேரை யார் கேட்கப் போகிறார்கள்?

கார்வர் தன் அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அப்பா இறந்தது 1967 ஜூன் மாதம். அதற்குப் பிறகு எழுதிய கவிதையில் அக்டோபர் என்று போட்டார். ஜூன் அப்பா சாகிற மாதமாக அவருக்குப் படவில்லை. இன்னும் கொஞ்சம் நீளுகிற, வெளிச்சம் குறைகிற ஒரு மாதம் வேண்டியிருந்தது. என் அப்பா போனது சித்திரையில். நானும் அதை மார்கழி என்று மாற்றி ஒரு கதை எழுதியிருக்கிறேன், இந்தக் கட்டுரையைப் படிப்பதற்கு முன்பே.

சரி, கேள்விக்கு வருகிறேன். கதை இதுதான். ஓர் அம்மா தன் பையனின் பிறந்தநாளுக்குச் சனிக்கிழமை பேக்கரியில் கேக் சொல்லி வைக்கிறாள். திங்கள் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் பையன் மேல் கார் மோதிவிடுகிறது. பையன் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறான். கேக்கை யாரும் வாங்க வரவில்லை. விஷயம் தெரியாத பேக்கரிக்காரர் ராத்திரியில் போன் மேல் போன் போடுகிறார்.

1981 தொகுப்பில் இது ‘தி பாத்’ என்ற பெயரில் வந்தது. அதில் பையன் பிழைத்தானா இல்லையா என்றே தெரியாது. குளிப்பதற்காக வீட்டுக்கு வந்த அம்மா போனை எடுக்கிறாள். பையனைப் பற்றியா என்று கேட்கிறாள். ஆமாம், அவனைப் பற்றித்தான் என்கிறது ஒரு குரல். அத்தோடு கதை முடிந்துவிடுகிறது. 1983 தொகுப்பில் அதே கதை ‘எ ஸ்மால், குட் திங்’ என்று மூன்று நான்கு மடங்கு நீளத்தில் வருகிறது. அதில் பையன் இறந்துவிடுகிறான். அம்மாவும் அப்பாவும் நடுராத்திரி அந்த பேக்கரிக்கே சண்டைக்குப் போகிறார்கள். போன இடத்தில் விடியும்வரை அவரோடு உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறார்கள்.

கார்வர் முதலில் எழுதியது நீளமான கதைதானாம். 1981 தொகுப்புக்காக அதைச் சுருக்கியவர் அவர் இல்லை. அவருடைய எடிட்டர் கார்டன் லிஷ். எனக்கு இது வெறும் புத்தக விஷயம் இல்லை. மூன்று வருடம் முன்னால் ஒரு சிறுபத்திரிகைக்கு ஒன்பது பக்கக் கதை அனுப்பினேன். மூன்று பக்கமாக வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவு பிணைக்கிற பகுதி முழுக்கப் போய்விட்டது. எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். என் அம்மா மட்டும் படித்துவிட்டு, “உங்கப்பா எங்கடி?” என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் எதையும் யாருக்கும் அனுப்பவில்லை.

அதனால் கேட்கிறேன். மாடியில் எதை வாசிக்கட்டும்? எது கார்வர் எழுதிய கதை?


பழைய புரூஃப்ரீடர் (செவ்வாய்பேட்டை)

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் ஆரம்பித்து, கம்ப்யூட்டர் வந்த பிறகு ஓய்வு பெற்றேன். உங்கள் கதையைக் கேட்காமல் வெட்டியது தப்பு. அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனாலும் லிஷ் பக்கம் நின்று கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

லிஷ் திடீரென்று வந்து கத்தரி எடுத்தவர் இல்லை. 1967 வாக்கில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கார்வர் ஒரு பாடநூல் நிறுவனத்தில் எடிட்டர். லிஷுக்கும் அதே ஊரில் அதே மாதிரி வேலை. அப்படித்தான் பழக்கம். 1969இல் லிஷ் ‘எஸ்குயர்’ பத்திரிகைக்குக் கதைகள் பொறுக்குகிற பொறுப்புக்குப் போனார். 1971இல் கார்வர் கதையை அதில் போட்டார். அதற்கு முன்பு கார்வர் கதைகள் மிகக் குறைவான பேர் படிக்கிற சிற்றிதழ்களில்தான் வந்துகொண்டிருந்தன. 1976இல் வந்த கார்வரின் முதல் கதைத் தொகுப்புக்கும் லிஷ்தான் எடிட்டர். அந்தத் தொகுப்பு தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. ஆக, கதவைத் திறந்துவிட்டவர் அவர்.

வெட்டுவதைக் கார்வருக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததும் லிஷ் இல்லை. சிக்கோ கல்லூரியில் அவருக்கு ஜான் கார்ட்னர் என்று ஒரு வாத்தியார். அப்போது கார்ட்னரின் நாவல் ஒன்றுகூட வெளிவந்திருக்கவில்லை. வீட்டில் எழுத இடமில்லை என்று தெரிந்ததும் தன் ஆபீஸ் அறைச் சாவியைக் கார்வரிடம் கொடுத்துவிட்டார், சனி ஞாயிறு வந்து எழுது என்று. ஒவ்வொரு கதையையும் வரி வரியாக உட்கார்ந்து திருத்துவார். 15 வார்த்தையில் சொல்ல முடிந்ததற்கு 25 வார்த்தை எதற்கு என்பது கார்ட்னர் பாடம். 15இல் சொல்வதை 5இல் சொல் என்பது பின்னால் லிஷ் சொன்னது. இரண்டையும் கார்வரே நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார்.

வித்தியாசம் எங்கே என்று என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். புரூஃபில் ஒரு சொல்லை அடிக்க வேண்டுமென்றால் ஓரத்தில் ஒரு சுழி போடுவோம். அடித்தது தப்பு என்று பிறகு தோன்றினால், அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைப்போம். ‘அப்படியே இருக்கட்டும்’ என்று அதற்குப் பொருள். அந்தப் புள்ளியை வைக்கிற உரிமை எழுதினவருக்கு உண்டு. புரூஃப் அவர் கைக்குத் திரும்பிப் போனால்தான் அவரால் புள்ளி வைக்க முடியும். கார்ட்னர் மாணவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அடித்தார். அங்கே புள்ளிக்கு இடம் இருந்தது.

1981 தொகுப்பில் பாதிக்கு மேல் போனது. நீங்கள் கேட்கிற கதையில் நாலில் மூன்று பங்குக்கும் மேல். கார்வர் 1980 ஜூலை 8ஆம் தேதி லிஷுக்கு ஒரு கடிதம் எழுதினார். புத்தக வேலையை நிறுத்துங்கள், என்னை மன்னியுங்கள் என்று கெஞ்சுகிற கடிதம். 2007இல் அது ‘நியூ யார்க்கர்’ பத்திரிகையில் அச்சானது. ஆனால் இரண்டு நாளில் அவரே இறங்கிவந்து, சில இடங்களை மட்டும் சரிசெய்யக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதிவிட்டார். புத்தகம் லிஷ் வெட்டிய உருவத்திலேயே வந்தது. அதுதான் கார்வருக்குப் பெரிய பெயரையும் வாங்கிக் கொடுத்தது. அந்தக் கையெழுத்துப் பிரதிகள் இப்போது இண்டியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில், லிஷ் கொடுத்த பெட்டிகளில் இருக்கின்றன. வெட்டு எவ்வளவு பெரிது என்று 1998இல் ஒரு பத்திரிகையாளர் அங்கே போய்ப் பார்த்து எழுதிய பிறகுதான் பொதுவில் தெரிந்தது.

எனக்கு இன்னமும் அந்தக் குட்டைக் கதைதான் பெரிது. போனில் அந்தக் குரல் வந்து நிற்கிற இடத்தில் என் முதுகு சில்லிட்டது. என் மகனுக்கு ஒரு முறை மூன்று நாள் காய்ச்சல் இறங்காமல் இருந்தபோது, ஒவ்வொரு போன் மணிக்கும் எனக்கு அப்படித்தான் இருந்தது. அந்த மூன்று நாளில் யாரும் எனக்குச் சூடான ரொட்டி கொடுக்கவில்லை. வாழ்க்கை அந்த இடத்தில் அப்படியே நிற்கும் என்பதை லிஷ் வெட்டிய கதை சொல்கிறது. குட்டைக் கதையை வாசியுங்கள்.


லீ பஜார் லோடு ஆட்டோ (சூரமங்கலம்)

ஐயா பெரியவர். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் எனக்குப் புதுசு. ஆனால் ஒரு தேதியை அவர் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன். 1977 ஜூன் 2. கார்வர் குடியை விட்ட நாள்.

நானும் குடித்தவன். விட்டு ஏழு வருடம், நாலு மாதம். எங்கள் கூட்டத்தில் ஒரு சார் கார்வரைப் பற்றி ஒரு தரம் பேசினார். அன்றிலிருந்து தமிழில் கிடைப்பதைத் தேடித் தேடிப் படிக்கிறேன். எழுதினதைவிட, வாழ்க்கையில் வேறெதையும்விட, குடியை விட்டதுதான் தனக்குப் பெருமை என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த அன்றைக்கு லோடு இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் வாழ்க்கை எனக்குப் புரிகிற வாழ்க்கை. கல்யாணம் ஆனபோது அவருக்கு 19, அந்த அம்மாவுக்கு 16. இருபது முடிவதற்குள் இரண்டு குழந்தைகள். சேக்ரமெண்டோவில் ஓர் ஆஸ்பத்திரியில் ராத்திரி துப்புரவு வேலை பார்த்திருக்கிறார். 1967இல் கடன் தாங்காமல் திவால் மனு கொடுத்தார். வீட்டில் எழுத இடம் இல்லாதபோது காருக்குள் போய் உட்கார்ந்து மடியில் நோட்டை வைத்து எழுதுவாராம். சிறுகதையும் கவிதையும் எழுதினதற்குக் காரணமே அதுதான், ஒரே உட்காரலில் முடிக்கலாம். நாவலுக்கு உட்கார அவருக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? குடி அதற்கப்புறம் வந்து இருந்த கொஞ்ச நேரத்தையும் தின்றுவிட்டது.

இப்போது அந்த 1980 கடிதத்தைப் பாருங்கள். குடியை விட்டு மூன்று வருடம்தான் ஆகியிருக்கிறது. இந்தக் கதைகள் நான் குணமாகி எழுந்து வந்ததோடு சேர்ந்தவை, இவற்றை இப்படி வெளியிட்டால் என் புத்தி நிலைக்காது என்கிற மாதிரி அதில் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த வரி நன்றாகத் தெரியும். குடியை விட்ட புதிதில் மனுஷன் ரொம்பப் பேசுவான். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பான். ஒருத்தர் வீட்டில் டீ கொடுத்தால் அதற்கு நூறு நன்றி சொல்வான். என் தம்பிக்கு அது பிடிக்கவில்லை, “முன்ன மாதிரி கம்முனு இருண்ணா” என்றான். அந்தப் பேச்சை நிறுத்தியிருந்தால் நான் திரும்பக் கடைக்குப் போயிருப்பேன்.

அந்த பேக்கரியில் விடியும்வரை பேசுகிற பேச்சு அப்படிப்பட்டதுதான். லிஷ் அதை வெட்டினார். கதை நன்றாகக்கூட இருக்கலாம். ஆனால் எழுதினவர் அந்த ராத்திரியைத் தாண்டி விடியலுக்கு வந்துவிட்டார், அவரை இழுத்துக்கொண்டு போய்த் திரும்ப இருட்டில் நிறுத்தியது சரியில்லை. 1983 புத்தகத்துக்கு முன்னால், இனி அப்படி வெட்டச் சம்மதிக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அது குடியை விட்டவனுக்கு வருகிற தைரியம். நீளமான கதையை வாசியுங்கள் தங்கச்சி.


மலைமேல் பேக்கரி (ஏற்காடு)

நான் இங்கே எழுதுவது அபூர்வம். படிப்பதோடு சரி. பேக்கரி என்று தலைப்பில் பார்த்ததால் உள்ளே வந்தேன். கதையை நேற்று ராத்திரி என் மகளை உட்காரவைத்து இரண்டு விதமாகவும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். இலக்கியம் எனக்குத் தெரியாது. அந்த பேக்கரிக்காரரைத் தெரியும்.

அப்பா ஆரம்பித்த கடை. எங்களிடம் இன்னமும் விறகு அடுப்புதான். ராத்திரி ஒன்றரைக்கு எழுந்தால் அடுப்பு மூட்டி, நெருப்பை ஒதுக்கி, தரை சூட்டைப் பார்க்க ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே வீசுவேன். உடனே கருகினால் பொறுக்க வேண்டும். மெதுவாகச் சிவந்தால் தட்டை உள்ளே தள்ளலாம். மார்கழி தை மாதத்தில் இங்கே குளிருக்கு மாவு உப்பாது. டிரே மேல் சாக்கைப் போட்டு அடுப்புச் சுவர் ஓரமாக நகர்த்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். வெளியே பனிமூட்டத்தில் எதிர்க்கடை தெரியாது. அந்த நேரத்தில் பேச ஆள் இருக்காது. ஊரில் எல்லார் வீட்டுப் பிறந்தநாளும் கல்யாண நாளும் எனக்கு ஆர்டர் நோட்டில் தெரியும், ஆனால் ஒரு விசேஷத்துக்கும் நான் போனது கிடையாது. அந்த நேரம் தூங்கிக்கொண்டிருப்பேன், இல்லை மாவு பிசைந்துகொண்டிருப்பேன்.

கதையில் அவர் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வேலை செய்கிறவர். பிள்ளை இல்லை. வருஷக்கணக்காக மற்றவர்கள் பிள்ளைகளுக்குக் கேக் செய்துகொண்டிருக்கிறார். அதை அவர் வாயால் சொல்கிற இடத்தில் நான் மகளை நிறுத்தச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

பெயர் எழுதிய கேக்கை வேறு யாருக்கும் விற்க முடியாது. இது தொழிலில் இல்லாதவர்களுக்குத் தெரியாது. கத்தியால் ஐசிங்கை வழிக்கலாம், ஆனால் சிவப்புக் கலர் அடி கிரீமில் இறங்கியிருக்கும், எழுத்து லேசாகத் தெரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் எடுக்க வராதவர் மேல் அவ்வளவு கோபம் வருகிறது. காசு ஒரு பக்கம். கண்ணுக்கு முன்னால் ஒரு பிள்ளை பெயர் உட்கார்ந்திருக்கிறது, யாரும் அதைத் தேடி வரவில்லை என்கிற எரிச்சல் இன்னொரு பக்கம்.

ஐப்பசி மழையில் ஒரு முறை எனக்கு இது நடந்தது. காபித் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர், மகளுக்கு ஒரு கிலோ கேக் சொல்லி இருநூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். மகள் பெயரைத் தப்பில்லாமல் எழுத வேண்டும் என்று அவரே என் நோட்டில் நிறுத்தி நிதானமாக எழுதினார். நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர் வரவில்லை. போன் அணைந்திருந்தது. மறுநாளும் அதே. மூன்றாம் நாள் ராத்திரி போனை எடுத்தார். நான் கத்தினேன். பெயர் எழுதின கேக்கை யார் தலையில் கட்டுவது என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், “வந்து வாங்கிக்கறேங்க” என்றார்.

மறுநாள் வந்தார். பாக்கியை எண்ணி வைத்தார். கூட வந்த பையன்தான் சொன்னான், பிள்ளைக்குக் காய்ச்சல் அதிகமாகிக் கீழே சேலத்தில் சேர்த்திருந்தார்கள், இப்போது தேறிவிட்டாள், நாளைக்கு வீட்டுக்கு விடுகிறார்கள் என்று. எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. புதுசாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்றேன். “இதுவே போதுங்க, அவ பேரு இருக்கில்ல” என்றார். நாலு நாள் கேக். அதை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போயிருக்கிறார்.

என்ன ஆச்சுங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்று போனில் முதலில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்றைக்கும் ஆர்டர் எடுக்க யாராவது வராவிட்டால் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

அதனால் புரூஃப் பார்த்த ஐயா மன்னிக்க வேண்டும். குட்டைக் கதையில் அந்த பேக்கரிக்காரர் வெறும் குரல். பேய் மாதிரி போனில் வருகிறார், பயமுறுத்துகிறார், போய்விடுகிறார். பெரிய கதையில் அவருக்குக் கை இருக்கிறது. கணக்கு மெஷினை மேசையில் ஒரு பக்கமாகத் தள்ளுகிறார். நாற்காலி கொண்டுவந்து போடுகிறார். காபி ஊற்றுகிறார். அடுப்பிலிருந்து எடுத்த பட்டை ரோலை வைக்கிறார், மேலே ஐசிங் இன்னும் உறையாமல் வழிகிறது. வெண்ணெய், கத்தி எல்லாம் எடுத்து வைக்கிறார். அந்த அம்மா மூன்று ரோல் சாப்பிடுகிறாள். பிள்ளை போன வீட்டுக்காரிக்கு அப்படியா பசிக்கும் என்று என் மகள் கேட்டாள். பசிக்கும். என் அம்மா போன அன்றைக்கு ராத்திரி பக்கத்து வீட்டில் கொண்டுவந்து வைத்த இட்லியில் ஏழு சாப்பிட்டேன். அப்போது வெட்கமாக இருந்தது. கடைசியில் அவர் வெல்லப்பாகு ருசி உள்ள கருத்த ரொட்டி ஒன்றைப் பிட்டு, முதலில் முகர்ந்து பார்க்கச் சொல்கிறார். ரொட்டி போடுகிறவனுக்கு மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியாது. இதை எழுதின ஆள் ஏதோ ஒரு பேக்கரியின் பின்பக்கக் கதவு வழியாக உள்ளே போய் நின்று பார்த்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பெரிய கதையை வாசியுங்கள் அம்மணி. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் எட்டு பன் கொடுத்து அனுப்புகிறேன். யாராவது பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். காசு வேண்டாம்.


தறிச்சத்தம் (அம்மாபேட்டை, சேலம்)

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு முடிந்தது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நீளமானதைத்தான் வாசித்தேன். ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. புரூஃப்ரீடர் ஐயா நேரிலேயே வந்துவிட்டார், படி ஏற முடியாமல் ஏறி. முடிந்த பிறகு, குட்டைக் கதையின் கடைசிப் பக்கத்தையும் வாசிக்க அவருக்கு நேரம் கொடுத்தேன். தானே வாசித்தார். இரண்டையும் கேட்டவர்களில் நெசவு அண்ணன் ஒருவர் ஐயா பக்கம், மற்றவர்கள் இந்தப் பக்கம். கார்வர் இறந்தது 1988 ஆகஸ்டில், நுரையீரல் புற்றுநோயில், 50 வயதில் என்று சொன்னபோது அங்கன்வாடி டீச்சர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். குடியை விட்டு அவர் வாழ்ந்தது பதினோரு வருடம். வெட்டாத கதைகளை அவருடைய மனைவி டெஸ் கேலகர் விடாமல் முயன்று 2009இல் புத்தகமாகக் கொண்டுவந்தார் என்பதையும் சொன்னேன். கல்லூரிப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பன்னைக் கதைக்கு நடுவில் கொடுக்கவில்லை. முடிந்த பிறகு கொடுத்தேன். லோடு ஆட்டோ அண்ணன் வரமுடியவில்லை என்று போன் செய்தார், அவருக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

என் ஒன்பது பக்கக் கதையைப் புரூஃப்ரீடர் ஐயா கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பென்சிலால் மட்டும்தான் தொடுவேன், திருப்பிக் கொடுத்துவிடுவேன், புள்ளி வைப்பது உன் வேலை என்றார்.

அம்மா கதை முழுக்க ஒன்றும் பேசவில்லை. எல்லாரும் போன பிறகு பாயைச் சுருட்டும்போது, “அந்தப் பேர் எழுதின கேக்கை அப்புறம் என்ன செஞ்சாங்க?” என்று கேட்டார். திரும்பப் புரட்டிப் பார்த்தேன். சண்டை நடக்கும்போது அது ஒரு ஓரத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் அவர். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மலைமேல் பேக்கரி அண்ணா, அம்மா உங்களிடம் கேட்கச் சொன்னார்.


மலைமேல் பேக்கரி (ஏற்காடு)

அம்மாவிடம் சொல்லுங்கள். நானாக இருந்தால், அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே அதைக் கண்ணில் படாமல் உள்ளே எடுத்து வைத்திருப்பேன். விடிந்து கிளம்பும்போது பெட்டியில் வைத்து நூல் கட்டி, வேண்டுமா என்று ஒரே ஒரு தரம் கேட்பேன். வேண்டாம் என்று தலையாட்டினால் பெட்டியைப் பிரிக்காமல் மேல் தட்டில் வைத்துவிடுவேன். பெயரை வழிக்க மாட்டேன். நோட்டில் அந்தக் கணக்குக்கு நேரே பாக்கி என்று எழுத மாட்டேன்.